பொய்க்கு ஒரு நாள், உண்மைக்கு எத்தனை ஆண்டு?

2023 மார்ச் முதல் வாரத்தில் திருப்பூர் என்ற பெயர் பீகாரின் கிராமங்கள் வரை போய்ச் சேர்ந்தது. பனியனுக்காக அல்ல. தமிழ்நாட்டில் இந்தி பேசிய குற்றத்துக்காக பீகார் தொழிலாளர்கள் 12 பேரைத் தூக்கில் தொங்கவிட்டார்கள் என்ற பொய்க்காக. உத்தரப்பிரதேச பாஜக செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவ் இதை ட்விட்டரில் எழுதினார். யூடியூபர்கள் காட்சிகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்தியின் மிகப் பெரிய நாளிதழ்களில் ஒன்றான தைனிக் பாஸ்கர் தாக்குதல் நடப்பதாகவே செய்தி வெளியிட்டது. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. இங்கே காலனிகளிலும் லைன் வீடுகளிலும் இருந்த தொழிலாளர்களுக்கு ஊரிலிருந்து போன் மேல் போன். "உயிரோடு இருக்கிறாயா, உடனே கிளம்பி வா" என்று அம்மாக்கள் அழுதார்கள். ஹோலிக்குப் போகிறவர்களோடு பயந்து போகிறவர்களும் சேர்ந்துகொள்ள, ரயில் நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. அந்தக் கூட்டத்தையும் படம்பிடித்து, "பாருங்கள், தப்பி ஓடுகிறார்கள்" என்று இன்னொரு சுற்று விட்டார்கள்.

சுற்றிவந்த காட்சிகள் எங்கே எடுக்கப்பட்டவை? ஒன்று, கோவையில் நீதிமன்றத்தின் அருகே உள்ளூர்க் கும்பல்களுக்கு இடையில் நடந்த கொலை. இன்னொன்று, ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் வெட்டப்பட்டது. காயத்துக்குக் கட்டுப்போட்ட ஆட்கள் அழும் ஒரு வீடியோ பாட்னாவிலேயே ஆட்களை வைத்து எடுக்கப்பட்டது என்பதை பீகார் காவல்துறையே கண்டுபிடித்தது. தமிழ்நாட்டு டிஜிபி சைலேந்திர பாபு மறுப்பு வெளியிட்டார். பீகார் அரசு நான்கு பேர் கொண்ட அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் வந்து தொழிலாளர்களிடம் பேசி, தாக்குதல் செய்தி பொய் என்ற முடிவோடு திரும்பினார்கள். வழக்குகள் பதிவாயின. மணீஷ் காஷ்யப் என்ற யூடியூபர் கைதானார். "பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டாமா, மன்னிப்புக் கேளுங்கள்" என்று உம்ராவிடம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொய் எப்படிப் பரவியது என்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. திருப்பூரைப் பற்றிய ஒரு பொய்யை தேசிய ஊடகம் ஒரே நாளில் நம்பிவிடுகிறது. அதே திருப்பூர் வட்டாரத்தைப் பற்றிய உண்மைகள் பத்து ஆண்டு, இருபது ஆண்டு கதவைத் தட்டியும் உள்ளே போக முடியவில்லை. இது எப்படி? இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் கருத்து. செய்தி எது என்று முடிவெடுக்கும் அறையிலும், கொள்கை எது என்று முடிவெடுக்கும் அறையிலும் நம் ஆட்கள் இல்லை. நம் ஆட்களைத் தெரிந்தவர்கள்கூட இல்லை.

மொழி தெரிந்தது, சாதி தெரியவில்லை

அந்த மார்ச் மாதத்தில் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்தவர்கள் யோசித்துப் பாருங்கள். வடக்கா தெற்கா, இந்தியா தமிழா, பாஜகவா திமுகவா என்றுதான் பேச்சு போனது. அந்தத் தொழிலாளர்கள் யார்?

பீகார் அரசு 2023 அக்டோபர் 2 அன்று வெளியிட்ட சாதிவாரிக் கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 19.65 சதவீதம். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01 சதவீதம். சொந்த நிலம் இல்லாமல், கூலி போதாமல், மூன்று நாள் ரயிலில் உட்கார்ந்து தெற்கே வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சனங்கள்தான். ஒரு அறையில் எட்டுப் பேர் படுத்து, ஒன்றரை ஷிப்ட் பார்த்து, சனிக்கிழமை சம்பளத்தை ஊருக்கு அனுப்புகிறவர்களில் முசஹர் பையன்கள் இருக்கிறார்கள், சமார் பையன்கள் இருக்கிறார்கள், ஜார்க்கண்ட் ஆதிவாசிகள் இருக்கிறார்கள், ஒடிசா தலித்துகள் இருக்கிறார்கள். டெல்லி ஸ்டுடியோவுக்கு அவர்கள் எல்லோரும் "பீகாரி மஸ்தூர்". நம் ஊர் ஆட்களுக்கு அவர்கள் எல்லோரும் "வடக்கன்". இரண்டு பக்கமும் சேர்ந்து அவர்களின் சாதியை அழித்துவிட்டார்கள். சாதி அழிந்தால் நல்லதுதானே என்று கேட்காதீர்கள். சாதி எங்கும் போகவில்லை. பேச்சிலிருந்து மட்டும்தான் போயிருக்கிறது.

இதில் நம் பக்கம் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பொய்க்கு ஒரு மாதம் முன்னால், ஜனவரி கடைசியில், வேலம்பாளையத்தில் டீக்கடைத் தகராறு ஒன்றின் வீடியோ பரவியது. வடமாநிலத் தொழிலாளர்கள் சிலர் உள்ளூர்க்காரர்களைத் துரத்தும் காட்சி. "தமிழனை அடிக்கும் வடக்கன்" என்று தமிழ்ச் சேனல்களிலும் யூடியூபிலும் அது ஓடியது. அதைப் பகிர்ந்தவர்களில் நம் தெருப் பையன்களும் இருந்தார்கள். செக்கிங் டேபிளில் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் அருந்ததியர் பெண்ணும் முசஹர் பையனும் ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்த்துக்கொண்டால் யாருக்கு லாபம்? கூலி உயர்வு கேட்க இருவரும் சேர்ந்து போக மாட்டார்கள் என்பதில் யாருக்கு நிம்மதி? இந்தக் கேள்வியை எந்தச் சேனலாவது, இந்தியிலோ தமிழிலோ, கேட்டதா?

உள்ளே போகாத உண்மைகள்

இப்போது உண்மைகளுக்கு வருவோம்.

சுமங்கலித் திட்டம் என்றால் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகாத இளம்பெண்ணை மூன்று ஆண்டுக்கு நூற்பாலையில் சேர்ப்பது. ஆலை விடுதியிலேயே தங்கவைப்பது. முடிவில் 30 ஆயிரத்திலிருந்து 50 ஆயிரம் வரை மொத்தமாகத் தருவதாகச் சொல்வது. வரதட்சணைக்கு ஆகும் என்று அப்பா அம்மாவும் அனுப்புவார்கள். வெளியே போக முடியாது, போன் பேச முடியாது, இடையில் உடம்புக்கு முடியாமல் வந்துவிட்டால் அந்தத் தொகையும் இல்லை. திண்டுக்கல், ஈரோடு, கோவை, திருப்பூர் எனக் கொங்குப் பகுதி முழுக்க இது நடந்தது.

தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் 2000-களின் தொடக்கத்திலிருந்தே இதைப் பேசிவந்தன. நாடு கேட்கவில்லை. 2011 மே மாதத்தில் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு மையமும் இந்தியக் கமிட்டி என்ற அமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. அதன்பிறகுதான் ஐரோப்பியக் கம்பெனிகள் பதில் சொல்ல ஆரம்பித்தன. அந்த அறிக்கை சொன்ன முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்தத் திட்டத்தில் சிக்கிய பெண்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் தலித்துகள். 2014-இல் அதே அமைப்புகள் ஐந்து நூற்பாலைகளைப் பற்றி மீண்டும் எழுதின. நிலைமை பெரிதாக மாறவில்லை என்றன. இங்கே தொழில் அமைப்புகள் என்ன செய்தன? இந்தியாவின் ஏற்றுமதியைக் கெடுக்க வெளிநாட்டுக்காரன் செய்யும் வேலை என்றன.

என் கேள்வி ஆலை முதலாளிகளிடம் இல்லை. அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான இளம்பெண்கள், பாதிக்கு மேல் தலித்துகள், மூன்று ஆண்டு அடைத்துவைக்கப்பட்டார்கள் என்ற செய்தியை ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒருவர் வந்து எழுத வேண்டியிருந்தது ஏன்? டெல்லியிலும் நொய்டாவிலும் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் சேனல்கள் இருந்தனவே? இரவு ஒன்பது மணி விவாதம் ஒரு வாரம் தொடர்ந்து சுமங்கலியைப் பற்றி நடந்ததாக எனக்கு நினைவில்லை. உங்களுக்கு நினைவிருந்தால் சொல்லுங்கள்.

2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த அருந்ததியர் சத்துணவுச் சமையலரைச் சமைக்கவிடாமல் தடுத்தார்கள். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்றார்கள். அதிகாரி அவரை வேறு இடத்துக்கு மாற்றினார். அமைப்புகள் போராடிய பிறகு மாற்றல் ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. உலகத்துக்கே டி-சர்ட் தைத்துக் கொடுக்கும் ஒரு மாவட்டத்தில், ஒரு பெண் தொட்ட சோற்றை பிள்ளைகளுக்குத் தரமாட்டோம் என்கிறார்கள். தேசியச் சேனலுக்கு இது ஒரு வரி ஓடிப்போகும் செய்தி.

உண்மைக்கு ஒரே ஒரு குறுக்குவழி உண்டு. கேமரா. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். சிசிடிவியில் பதிவான காட்சி நாடு முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. தேசியச் சேனல்கள் உடுமலை எங்கே இருக்கிறது என்று அன்றுதான் வரைபடத்தில் தேடின. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தபோது மறுபடியும் வந்தன. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுதலை செய்தது. மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அதன்பிறகு அந்த வழக்கு என்ன ஆனது என்று எந்த நெறியாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார்? வெட்டும் காட்சி செய்தியாகிறது. அதைச் செய்யச் சொல்லும் சாதி ஒழுங்கு செய்தியாவதில்லை. கேமரா இல்லாத இடத்தில் செத்தவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை.

அறைக்குள் யார்?

இது என் மனக்குறை அல்ல. எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

1996-இல் பி.என். உனியால் என்ற டெல்லிப் பத்திரிகையாளரிடம் ஒரு வெளிநாட்டு நிருபர், ஒரு தலித் பத்திரிகையாளரின் கருத்து வேண்டும் என்று கேட்டார். தன் முப்பது ஆண்டு அனுபவத்தில் ஒருவரைக்கூடச் சந்தித்ததில்லை என்பது உனியாலுக்கு அப்போதுதான் உறைத்தது. அரசின் அங்கீகாரம் பெற்ற நிருபர்கள் பட்டியலில் இருந்த 686 பேரைத் தேடிப் பார்த்தார். ஒரு தலித்கூடக் கிடைக்கவில்லை. அதை 'பயனியர்' நாளிதழில் எழுதினார்.

பத்து ஆண்டு கழித்து, 2006-இல், அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் மூவரும் டெல்லியின் 37 ஆங்கில, இந்தி ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். அதில் ஒரு தலித் இல்லை. ஒரு ஆதிவாசி இல்லை.

2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் மீண்டும் எண்ணின. செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் யாரும் இல்லை. இந்தி சேனல்களில் 40 பேர், ஆங்கில சேனல்களில் 47 பேர் என முக்கிய விவாதங்களை நடத்தும் நெறியாளர்களை எடுத்துப் பார்த்தால் நான்கில் மூன்று பேர் உயர்சாதி. தலித், ஆதிவாசி, ஓபிசி என்று ஒருவரும் இல்லை. விவாதத்துக்கு அழைக்கப்படுகிறவர்களும் அப்படியே. எழுபது சதவீதத்துக்கும் மேலான நிகழ்ச்சிகளில் பெரும்பான்மை உயர்சாதியினர். 2022-இல் இரண்டாவது முறை எண்ணியபோது 218 தலைமைப் பொறுப்புகளில் 191 பொதுப் பிரிவினரிடம்.

1996, 2006, 2019, 2022. இந்த இடைவெளியில் அரசுகள் மாறின, சேனல்கள் பெருகின, கைக்குள் போன் வந்தது. எண்ணிக்கை மட்டும் நகரவில்லை.

இதைச் சொன்னால் "திறமை" என்பார்கள். திறமை என்றால் என்ன? 2023 மார்ச்சில் அந்த ட்வீட் வந்த நேரத்தில், செய்தி அறையில் இருந்த ஒருவருக்கு திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு சித்தப்பா மகன் இருந்திருந்தால் போதும். ஒரு போன் போட்டிருப்பார். பொய் அங்கேயே செத்திருக்கும். பத்துப் பைசா செலவில்லாத சரிபார்ப்பு அது. பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்க்கும் ஒருவரைச் சொந்தமாக வைத்திருக்கும் ஆள் ஒருவர்கூட அந்த அறையில் இல்லாததுதான் அங்கே குறையும் திறமை.

கொள்கை எழுதும் அறை

செய்தி அறைக்குப் பக்கத்து அறை கொள்கை எழுதுகிறவர்களுடையது. ஒரு கதவுதான் இடையில். பகலில் அறிக்கை எழுதும் வல்லுநர்தான் இரவில் விவாதத்துக்கு வருகிறார்.

2016 ஜூன் 22 அன்று ஒன்றிய அமைச்சரவை ஆடைத் துறைக்கு 6,000 கோடி ரூபாய்ச் சலுகைத் திட்டத்தை அறிவித்தது. மூன்று ஆண்டில் ஒரு கோடி வேலை, பெரும்பாலும் பெண்களுக்கு என்று தலைப்புச் செய்தி வந்தது. அதே அறிவிப்பில் இன்னும் சில வரிகள் இருந்தன. மாதம் 15 ஆயிரத்துக்குக் கீழே வாங்குகிறவர்களுக்கு பி.எஃப். விருப்பம் போல. ஓவர்டைம் வாரத்துக்கு எட்டு மணி நேரம் வரை. குறித்த காலத்துக்கு மட்டும் ஆள் எடுத்துக்கொள்ளலாம், காலம் முடிந்தால் போகச் சொல்லலாம். இந்தக் கடைசி ஏற்பாடு 2016 அக்டோபரில் ஆடைத் தொழிலுக்கு மட்டும் என்று விதியானது. 2018-இல் எல்லாத் தொழில்களுக்கும் விரிந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது நிலையாக உட்கார்ந்துவிட்டது. நாடு முழுக்க எல்லாத் தொழிலாளியையும் தொடும் ஒரு மாற்றத்தை முதலில் தைத்துப் பார்த்த துணி நாம்தான்.

15 ஆயிரத்துக்குக் கீழே வாங்குவது யார்? திருப்பூரில் கேட்டால் யாரும் சொல்வார்கள். பிசிர் வெட்டும் பெண், கைமடி, செக்கிங், ஹெல்ப்பர். டைலர், கட்டிங் மாஸ்டர் என்று மேலே போகப் போகச் சாதி மாறும். கான்ட்ராக்ட் எடுப்பவர், கம்பெனி வைத்திருப்பவர் என்று போனால் இன்னும் மாறும். விதிவிலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படிக்கட்டு அரசின் எந்தக் கணக்கிலும் தெரியாது. ஆண்டுதோறும் தொழிற்சாலைகளைக் கணக்கெடுக்கும் அரசு ஆய்வு, எத்தனை தொழிலாளர்கள், எவ்வளவு கூலி என்று கேட்கும். சாதியைக் கேட்காது. எனவே பி.எஃப்-ஐ விருப்பமாக்கினால் எந்தச் சனத்தின் முதுமை முதலில் கைவிடப்படும் என்பது கொள்கை எழுதுகிறவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு நிறுவனத்தின் குழு நாங்கள் வேலை செய்யும் பகுதிக்கு வந்தது. நல்ல பிள்ளைகள், அக்கறையோடு கேட்டார்கள். நாற்பது கேள்விக்கு மேல் இருந்தது. கழிப்பறை, குடிதண்ணீர், வங்கிக் கணக்கு, திறன் பயிற்சி எல்லாம் இருந்தன. சாதி இல்லை. ஏன் என்று கேட்டேன். "அது சென்சிட்டிவ், பதில் வராது" என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்துவிட்டுச் சொன்னார்: "வாடகைக்கு வீடு கேட்டுப் போனா முதக் கேள்வியே அதுதான் சாமி. எங்களுக்கு அது பழகிப்போச்சு. உங்களுக்குத்தான் கேக்கக் கூச்சமா இருக்கு." அறிக்கை பின்னால் அழகான அட்டையோடு வந்தது. அக்கா சொன்னது அதில் இல்லை.

2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி போட்டபோது தேசியச் சேனல்கள் திருப்பூருக்கு ஓடிவந்தன. வந்தது நல்லது. கிட்டத்தட்ட 40 ஆயிரம் கோடி ஏற்றுமதி செய்யும் ஊர், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. பாதிப்பு உண்மைதான். ஆனால் மைக் யாரிடம் நீட்டப்பட்டது? பெரும்பாலும் ஏற்றுமதியாளர்களிடம். வட்டித் தள்ளுபடி வேண்டும், கடனுக்குக் கால அவகாசம் வேண்டும் என்று அவர்கள் சரியாகவே கேட்டார்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவது பீஸ் ரேட் ஆட்கள், ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகி, வாரத்தில் நான்கு நாளாகி, பிறகு "சொல்லி அனுப்புகிறோம்" என்றாகும். அந்தப் பெண்ணுக்குக் குழுக் கடன் தவணை வாராவாரம் நிற்காது. அவளுக்கு எந்தத் தள்ளுபடி? இதைக் கேட்க ஸ்டுடியோவில் ஆள் இல்லை. கேட்டிருந்தால் கொள்கையிலும் ஒரு வரி வந்திருக்கலாம்.

எண்ணுகிறவர்களுக்கும் ஒரு கேள்வி

ஒன்றைச் சொல்ல வேண்டும். செய்தி அறைகளை எண்ணிச் சொன்ன ஆக்ஸ்ஃபாம் இந்தியாவுக்கு 2022 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டு நிதி பெறும் உரிமம் இல்லை. டெல்லியின் பழைய கொள்கை ஆய்வு நிறுவனமான சிபிஆரின் உரிமமும் 2023-இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2024-இல் ரத்தானது. கேள்வி கேட்கும் நிறுவனத்தின் கழுத்தை நெரிப்பதை நாம் எதிர்க்கத்தான் வேண்டும். அந்த நிறுவனங்கள் மூடினால் அந்த இடத்தில் நாம் உட்காரப் போவதில்லை.

அதே நேரம், ஊடகத்தைப் பார்த்து "உங்களில் எத்தனை தலித்?" என்று கேட்ட கொள்கை உலகம் தன்னையும் எண்ணட்டும். உங்கள் ஆட்சிக்குழுவில் எத்தனை பேர்? தலைமை ஆய்வாளர்களில் எத்தனை பேர்? களப்பணிக்கு மட்டும் தலித் பையன், அறிக்கையில் பெயர் போட மற்றவர் என்ற ஏற்பாடு எத்தனை இடத்தில் இருக்கிறது? வலதுசாரி நிறுவனம், இடதுசாரி நிறுவனம், தாராளவாத நிறுவனம் என்று நமக்குப் பிரித்துக் காட்டுகிறார்கள். இந்தக் கேள்விக்கு மூவரும் ஒரே மாதிரி மௌனமாவதை நான் பார்த்திருக்கிறேன்.

"ஒரு தலித்தை மேலே உட்காரவைத்தால் எல்லாம் மாறிவிடுமா?" என்று கேட்பார்கள். மாறாது. ஒற்றை ஆளை வைத்து ஓர் அறை மாறாது, அந்த ஆள்தான் மாறிப்போவார். நாம் கேட்பது அலங்காரத்துக்கு ஒரு முகம் அல்ல. பாதிக்கப்படுகிறவர்கள் அமைப்பாக உள்ளே வர வேண்டும் என்கிறோம். அப்படி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் அருகே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அந்தத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் இதை விடவில்லை. ஆசிய அளவிலான தொழிலாளர் கூட்டமைப்போடு சேர்ந்து போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கையெழுத்திட்டது. எச் அண்ட் எம் கையெழுத்திட்டது, பிறகு வேறு பெரிய பிராண்டுகளும் சேர்ந்தன. 25 தொழிலாளிக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்கள். பாலினத்தோடு சாதியின் பேரால் நடக்கும் ஒடுக்குமுறையும் அதில் பேசப்பட்டது. பாலியல் வன்முறையைத் தடுக்க ஆசிய ஆடைத் துறையில் இப்படிச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அதற்கு முன் இல்லை. எந்த ஆய்வு நிறுவனத்தின் மாநாட்டு அரங்கிலும் இது பிறக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து கூட்டம் போட்ட பெண்கள் எழுதிய கொள்கை இது. இதைப் பற்றியும் முதலில் விரிவாக எழுதியது லண்டன் பத்திரிகைதான் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

என்ன கேட்க வேண்டும்?

வெறுமனே புலம்பிப் பயனில்லை. திட்டமாகக் கேட்போம்.

முதலாவது, ஒவ்வொரு செய்தி நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை தன் ஊழியர்களின் சமூகப் பிரிவுக் கணக்கை வெளியிட வேண்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பெனிகள் பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று செபிக்கு அறிக்கை கொடுக்கின்றன. அதில் இன்னொரு வரி சேர்ப்பதில் என்ன கஷ்டம்? சாதிவாரிக் கணக்கெடுப்புக்கே ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30-இல் ஒப்புக்கொண்டுவிட்டது. "கேட்பதே தவறு" என்ற சாக்கு இனி செல்லாது.

இரண்டாவது, தனியார் சேனல்கள் தினமும் 30 நிமிடம் பொதுநல நிகழ்ச்சி ஒளிபரப்ப வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் அரசு வழிகாட்டுதலே சொல்கிறது. அதில் பட்டியலிடப்பட்ட எட்டுப் பொருள்களில் ஒன்று நலிந்த பிரிவினரின் நலன். அந்த 30 நிமிடம் எங்கே போகிறது? யோகாவுக்கா, சமையலுக்கா? எந்தச் சேனல் எந்த நாளில் நலிந்த பிரிவினரைப் பற்றி என்ன ஒளிபரப்பியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். இதை நம் சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் எடுத்துச் செய்யலாம்.

மூன்றாவது, தொழிலாளர் பற்றிய எந்த ஆய்வும் சாதியைக் கேட்காமல் நம் பகுதிக்குள் வரக் கூடாது. ஆய்வு முடிந்ததும் தமிழில், இந்தியில், ஒடியாவில் அதை எங்களிடமே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் டெல்லியில் வெளியிட வேண்டும். நேரம் கொடுக்கிறோம், டீ கொடுக்கிறோம், பதிலும் கொடுக்கிறோம். இவ்வளவு கேட்க நமக்கு உரிமை உண்டு.

நான்காவது நமக்கு. இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியது 1893. அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியது 1907. பாபாசாகேப் 'மூக்நாயக்' தொடங்கியது 1920. யாரும் நமக்கு மைக் கொடுப்பார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நம் கையில் அச்சகத்தைவிட வேகமான கருவி இருக்கிறது. அதை வெறுப்பு வீடியோவைப் பகிரவா வைத்திருக்கிறோம்? சம்பளச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். ஷிப்ட் நேரத்தை எழுதி வையுங்கள். பக்கத்து அறை பீகார் தம்பியின் ஊரையும் மொழியையும் மட்டும் கேட்காதீர்கள், அவன் ஊரில் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள் என்றும் கேளுங்கள். அடுத்த பொய் வரும்போது அவன் உங்களிடம் ஓடிவர வேண்டும், நீங்கள் அவனுக்காகப் பேச வேண்டும்.

அடுத்த பொய் நிச்சயம் வரும். தேர்தல் வந்தால் வரும், ஆர்டர் குறைந்தால் வரும், வேலைக்கு ஆட்கள் மோதிக்கொள்ளும் நிலை வந்தால் வரும். செய்தி அறையும் கொள்கை அறையும் இப்போது இருப்பது போலவே இருந்தால் அதையும் ஒரே நாளில் நம்பிவிடுவார்கள். அன்று நமக்குள் தொடர்பு இருந்தால் ஒருவேளை தப்பிப்போம். ஆனால் ஒவ்வொரு முறையும் தப்பித்துக்கொண்டே இருப்பது ஒரு வாழ்க்கையா? அந்த அறைகளில் நமக்கு நாற்காலி வேண்டும். பிச்சையாக அல்ல, பங்காக.

ஜெய் பீம்.